ஓடாத குட்டி ரயில்: அழுக்கா, வியாதியா என்று பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் தேக்குத் தூணையும் எனாமல் தூக்குவாளியையும் சாமி படங்களையும் பார்ப்பார்கள். நான் அதற்கெல்லாம் பின்னால், தகர டப்பாவும் நின்றுபோன டைம்பீஸும் குவிந்து கிடக்கும் மூலையில் குந்தியிருப்பேன். சிங்கப்பூர், மலேசியா என்று போய்வந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த மாடல் ரயில்கள், வீடு பாகம் பிரியும்போது அந்த மூலைக்குத்தான் வந்து சேரும்.

"ஓடுமாண்ணே?"

"எடுத்து வைக்கையில ஓடுச்சு தம்பி."

எந்த வருஷம் எடுத்து வைத்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. அதனால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. கையில் இருக்கிற சாமானைத்தான் கேட்க வேண்டும்.

ஓடாத இன்ஜின் இரண்டே வகை. ஒன்று அழுக்கு. ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் ஓடிவிடும். இன்னொன்று வியாதி. அதற்கு வைத்தியமே கிடையாது. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொல்வார். பிரித்துப் பார்ப்பது நம் வேலை. அதற்கு நான் பையில் கொண்டுபோவது: ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், இரண்டு வயர் பற்றவைத்த 9 வோல்ட் பேட்டரி, கைக்கண்ணாடி, சின்ன மல்டிமீட்டர், ஓர் அரை அடி தண்டவாளம்.

எந்த அளவு ரயில் என்றே தெரியவில்லை

பெட்டியை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் ரயில் ஒன்று, பெட்டி வேறு ரயிலுடையது என்பது சாதாரணம். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. 16.5 மி.மீ. என்றால் எச்ஓ அல்லது இங்கிலாந்தின் ஓஓ. 12 என்றால் டிடி. 9 என்றால் 'என்' ஸ்கேல், ஆங்கில எழுத்து N. 6.5 என்றால் இஸட்.

நான் வாங்குவது கடைசி இரண்டும்தான். வீட்டில் இடம் கிடையாது, அவ்வளவுதான் காரணம். என் ஸ்கேலை 1962-ல் ஜெர்மனியின் அர்னால்ட் நிறுவனம் கொண்டுவந்தது. இஸட் அளவை 1972-ல் மார்க்லின் 'மினி-கிளப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆகவே "இது தாத்தா காலத்துச் சாமான், யுத்தத்துக்கு முந்தினது" என்று சொல்லி 9 மி.மீ. ரயிலை யாராவது காட்டினால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஒரே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடினாலும் எல்லா என் ஸ்கேலும் ஒரே அளவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா 1:160, அதாவது நிஜ ரயிலில் 160-ல் ஒரு பங்கு. இங்கிலாந்து 1:148. ஜப்பான் 1:150, ஷின்கான்சென் அதிவேக ரயில் மட்டும் 1:160. அடுத்தடுத்து மாட்டினால் ஒரு பெட்டி மற்றதைவிடக் கொஞ்சம் பருத்துத் தெரியும். கோளாறில்லை, ஊர் வேறு.

பவர் பேக்கைச் சொருகியதும் நாற்றம், புகை

பவர் பேக் என்பது ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. இது நடந்தால் வேலை முடிந்தது. நடக்காமல் இருக்க, சொருகுவதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் பவர் பேக் 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவுடையது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டில் வருவது 230. மலேசியா, சிங்கப்பூரில் வாங்கியது பெரும்பாலும் தப்பிக்கும், அங்கேயும் நம் அளவு வோல்ட்தான். பிளக்கின் மூன்று சப்பைப் பின்தான் நம் சாக்கெட்டில் நுழையாது. ஆனால் சிங்கப்பூர்க் கடையில் வாங்கினாலும் சாமான் ஜப்பானுடையதாக இருக்கலாம். ஊரைக் கேட்காதீர்கள், தகட்டைப் பாருங்கள். வயர் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் சொருகவே சொருகாதீர்கள். இன்ஜினுக்கு ஆசைப்பட்டு மொத்த செட்டையும் வாங்கினால், பழைய பவர் பேக்கை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

இஸட் ரயிலுக்கு இன்னும் கவனம் வேண்டும். பழைய மினி-கிளப் 8 வோல்ட்டுக்குச் செய்தது, பிற்பாடு வந்தவை 10 வோல்ட். என் ஸ்கேலின் 12 வோல்ட்டை முழுசாகத் திறந்துவிட்டால் அந்தச் சின்ன மோட்டார் தாங்காது. அதே மார்க்லின் கம்பெனியின் பெரிய எச்ஓ ரயிலோ ஏசி மின்சாரத்தில் ஓடுவது. அதன் டிரான்ஸ்பார்மரை எடுத்து இஸட் தண்டவாளத்தில் கொடுத்தால் மோட்டார் கருகும். பெயர் ஒன்றே என்று இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டி விற்பார்கள், ஜாக்கிரதை.

ஓடாமல் கிர்ர் என்று அதிர்கிறது, சூடாகிறது

உடனே வயரைப் பிடுங்குங்கள். பழைய பவர் பேக்குகளில் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். ஒன்று தண்டவாளத்துக்கான டிசி. இன்னொன்று விளக்கு, தடம் மாற்றும் பாயிண்ட் போன்றவற்றுக்கான ஏசி, பெரும்பாலும் 16 வோல்ட். எழுத்து அழிந்த பேக்கில் மாற்றிக் கொடுத்துவிட்டால் டிசி இன்ஜின் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நடுங்கும். மல்டிமீட்டரை வைத்து எது எது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இன்ஜின் அசையவே இல்லை

கடையில் அதிகம் பார்ப்பது இதுதான், பயப்படத் தேவையில்லாததும் இதுதான். இன்ஜினை மல்லாக்கப் பிடித்து, பேட்டரியின் ஒரு வயரை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் வையுங்கள். ஓரிரு விநாடி போதும். மூன்றில் ஒன்று நடக்கும்.

சத்தமில்லை, பொறியுமில்லை. மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை என்று அர்த்தம். சக்கரத்தில் கருப்பாகப் படிந்திருப்பதை நகத்தால் கொஞ்சம் சுரண்டிவிட்டு வேறு சக்கரத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் கடைக்காரர் சம்மதித்தால் மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டான பிரஷ் இருக்கும் இரண்டு பக்கமும் நேராக வயரை வையுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது, நடுவில் இருக்கும் தகடுகளில்தான் அழுக்கு. பல என் ஸ்கேல் இன்ஜின்களில் அடிச்சட்டமான சேஸிஸே இடது வலது என்று இரண்டு உலோகப் பாதிகள். அவை வழியாகத்தான் மின்சாரம் ஏறும். அந்தப் பாதி மோட்டார்த் தகட்டைத் தொடும் இடத்தில் மங்கலாகப் பாசி பிடித்ததுபோல் இருந்தால் போதும், இன்ஜின் செத்ததுபோல் கிடக்கும். துடைத்தால் எழுந்து உட்காரும்.

முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. கிரீஸ் இறுகிவிட்டது. இதை நான் ஆசையோடு வாங்குவேன்.

நேராக மோட்டாரில் வைத்தும் அசைவே இல்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் பிரஷ்ஷின் இரு பக்கமும் வைத்து, மோட்டார் அச்சை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் தொடர்பு விட்டுப்போனால், பிரஷ் உரசும் சுழல் தகடுகளான கம்யூட்டேட்டரில் அழுக்கு இருக்கலாம், சுருள் அறுந்தும் இருக்கலாம். எங்கேயும் தொடர்பே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தொலைந்திருக்கலாம். பிரஷ்தான் என்றால் தப்பித்தோம். சுருள் அறுந்தது என்றால், உதிரிபாகத்துக்கு மட்டும் விலை கொடுங்கள்.

இறுகிய கிரீஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன மார்கழியில் ஒரு பச்சை டீசல் இன்ஜின் வாங்கினேன். கடைக்காரர் 1,800 சொன்னார், "அசையலையேண்ணே" என்று காட்டி 700-க்கு முடித்தேன். வீட்டுக்கு வந்து முகப்புத் திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆத்தங்குடிக் கல் வழவழப்பில் ஒரு ஸ்க்ரூ உருண்டால் நிலைப்படி தாண்டித்தான் நிற்கும், அதற்காகத்தான் வேட்டி. மேல்கூட்டைக் கழற்றி, அடியில் கியர் மூடியை எடுத்தால் உள்ளே கிரீஸ் என்று ஒன்று இல்லை. பனங்கருப்பட்டிப் பாகு முற்றிக் கல்லானதுபோல், கண்ணாடி மாதிரி ஒரு பழுப்பு. திருகுபோன்ற வார்ம் கியரின் ஒவ்வொரு மரையிலும் அது உட்கார்ந்திருந்தது.

இதற்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்தான் மருந்து. செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் போர்டு துடைக்க அதைத்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பல் குத்தும் குச்சியின் நுனியை அதில் நனைத்து, ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். கியரைக் கழற்றியே சுத்தம் செய்ய வேண்டும். இருந்த இடத்திலேயே ஊற்றினால் கரைந்த பிசின் மோட்டாருக்குள் போய் உட்காரும். மேல்கூட்டின் பெயின்டிலும் பட விடாதீர்கள், சில பெயின்டை அது கரைக்கும். கம்யூட்டேட்டரைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மூன்று தகடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அடைந்திருந்த கரித்தூளைக் குச்சியால் வழித்தெடுத்தேன். பிறகு அச்சு முனைகளில் குண்டூசி நுனியில் தொட்ட எண்ணெய், கியரில் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸ் ஒரு பொட்டு. அவ்வளவுதான். பேட்டரியை வைத்ததும் முதலில் ஒரு இருமல், அப்புறம் ஓட்டம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்கள் ஆச்சி வீட்டில் கதவுக் கீலிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் அதுதான், எனக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் நாள்பட்டால் அதுவே பிசினாகும், நீங்கள் சுரண்டிய அதே பிசின்.

ஓடுகிறது, ஆனால் தவ்வித் தவ்வி

தவ்வல் ஒழுங்காக வருகிறதா, கண்டபடி வருகிறதா என்று கவனியுங்கள். கண்டபடி என்றால் அழுக்கு. ஒரே தாளத்தில் டக்… டக்… டக்… என்றால் கியர் வெடித்திருக்கிறது.

அச்சில் ஏற்றிய பிளாஸ்டிக் கியர் வருஷக்கணக்கில் சுருங்கி, இரண்டு பல்லுக்கு நடுவே மயிரிழை விரிசல் விடும். அந்த இடத்தில் பல்லிடைவெளி அகன்றுவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மேலேறி இறங்கும். ஸ்கேலை வைத்தே சோதிக்கலாம். சக்கரம் 6 மி.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய 19 மி.மீ. தவ்வலும் 19 மி.மீ.க்கு ஒன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம். கைக்கண்ணாடியில் விரிசல் கண்ணுக்கே தெரியும்.

பெவிக்விக் ஊற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தக் கியர்கள் செய்யும் வழுக்குப் பிளாஸ்டிக்கில் அந்தப் பசை நிற்காது. நின்றாலும் அகன்ற பல் அகன்றதுதான். மாற்றுக் கியர் கிடைக்கும் மாடலா என்பதுதான் கேள்வி. வாங்கும் முன் பற்களை எண்ணி, அச்சின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பரவலாக விற்ற மாடல்களுக்குக் கிடைக்கும். பெயர் தெரியாததற்குக் கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ரயில் நகரவில்லை

சில சக்கரங்களில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். பிடிப்புக்கான ரப்பர் வளையம் உட்காரும் இடம் அது. எங்கள் ஊர் வெயிலில், பரணில் கிடந்த சாமானில் அந்த வளையம் இருக்காது, அல்லது காய்ந்த முறுக்குபோல் ஒடியும். சின்னச் செலவுதான், அளவு மட்டும் சரியாக வேண்டும். விலை குறைக்க மட்டும் இதை உபயோகியுங்கள், வாங்காமல் வருவதற்கு அல்ல.

மேல்கூடு கழறவே மாட்டேன் என்கிறது, உலோகத்தில் விரிசல்

இதுதான் வியாதி.

இன்ஜின்களின் சேஸிஸ் துத்தநாகக் கலவையில் வார்ப்பது. அந்தக் கலவையில் ஈயம் போன்றவை கொஞ்சம் கூடுதலாகக் கலந்துவிட்டால், வார்ப்பின் உள்ளே மணிமணியாக இருக்கும் உலோகத்தின் இடுக்குகள் வழியாக அரிப்பு நடக்கும். வெளியிலிருந்து வரும் துருவல்ல, பிறக்கும்போதே கூட வந்தது. ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். உலோகம் மெல்ல வீங்கும், வளையும், கடைசியில் கோடையில் வற்றிய கண்மாய்த் தரைபோல் வெடித்து உதிரும். ஆங்கிலம் பேசும் ரயில்காரர்கள் இதை ஜிங்க் பெஸ்ட் என்கிறார்கள்.

அடையாளங்களைச் சொல்கிறேன். மேல்கூடு இறுகிப்போய்க் கழறாது, உள்ளே சேஸிஸ் பருத்திருப்பதால். ஸ்கேலைச் சேஸிஸ் அடியில் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் கசியும். மூலைகளில் மயிரிழைக் கோடுகள் வலைபோல் ஓடும். பெட்டியைத் தட்டினால் சாம்பல் நிறத் துணுக்குகள் விழும். மேலே வெறும் வெள்ளைப் பவுடர் பூத்து, துடைத்தால் போய், அடியில் உலோகம் வழவழவென்று இருந்தால் மட்டும் அது இந்த வியாதி இல்லை, மேல்பரப்பு அரிப்புதான்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. பெட்டி, புத்தகம், விலைச்சீட்டு எல்லாம் சேர்ந்த ஒரு நீராவி இன்ஜின். கூடு இறுக்கமாக இருந்ததை "புதுசு கலையாமல் இருக்கிறது" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் கொஞ்சம் நெம்பியதும் சேஸிஸ் மூன்று துண்டாகக் கைக்கு வந்தது, ரொட்டி ஒடிவதுபோல், சத்தம்கூட இல்லாமல். இத்தனைக்கும் உலோக அரிமானத்தை ஆராயவென்றே ஒரு மத்திய ஆய்வகம், சிக்ரி, 1948-ல் அடிக்கல் நாட்டி நிற்கிற ஊர் இது. அதன் வாசலைத் தினமும் தாண்டித்தான் போய் வருகிறேன்.

பெயின்ட் அடித்தோ பசை பூசியோ இதை நிறுத்த முடியாது. பக்கத்து இன்ஜினுக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தொற்றாது. மேல்கூடும் மோட்டாரும் சக்கரமும் நன்றாக இருந்தால் உதிரிக்காக வாங்கலாம், அந்த விலைக்கு மட்டும்.

மேலே பிசுபிசுப்பு, அல்லது பிளாஸ்டிக்கில் குழி

இரண்டு காரணம், இரண்டும் பெட்டியிலிருந்து வருவது. பழைய பெட்டியின் நுரைப்பஞ்சு வருஷம் ஆக ஆகச் சிதைந்து, ஒட்டும் கூழாகும். இன்ஜின்மேல் அது படிந்தால் பெயின்டையும் தின்னும். ஒட்ட ஆரம்பித்தது மட்டும் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் எடுக்கலாம், கூட்டை மட்டும் கழற்றி. வாங்கியதும் அந்தப் பஞ்சை முதலில் தூக்கிப் போடுங்கள்.

மற்றது நம் ஊர்ப் பழக்கம். பட்டுச்சேலை வைக்கும் பெட்டகத்திலேயே ரயிலையும் வைத்து, கரப்பான் வரக்கூடாது என்று அந்துருண்டையை அள்ளிப் போட்டிருப்பார்கள். நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்கை, முக்கியமாகப் பாலிஸ்டைரீனை, இளக்கும். உருண்டை பட்ட இடத்தில் அம்மைத்தழும்புபோல் குழி விழுந்திருக்கும், ஜன்னல் கண்ணாடி மங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய முடியாது. பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். அந்த வாசனை வந்தால், எல்லா ரயில்பெட்டிகளின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

விளக்கு எரிகிறது, ஓடவில்லை

புதிய இன்ஜின்களில் மட்டும் வரும் குழப்பம். உள்ளே டிஜிட்டல் கட்டளையைப் படிக்கும் டிகோடர் என்ற சில்லு இருக்கலாம். சாதாரண டிசியில் ஓடாதபடி யாராவது அமைத்து வைத்திருப்பார்கள். டிசிசி என்ற அந்த டிஜிட்டல் முறைக் கருவி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்து முகவரி 3-ல் கூப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கம்பெனி வைத்த முகவரி அதுதான். பல டிகோடர்களில் சி.வி. 8 என்ற அமைப்பு எண்ணில் 8 என்று எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

தண்டவாளத்தின் ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் சோர்வு

இன்ஜினைத் திட்டாதீர்கள். தண்டவாளங்களைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் தளர்ந்திருக்கும். குறட்டால் மெல்ல நெருக்குங்கள். பித்தளைத் தண்டவாளம் என்றால் கறுத்த படலம் மின்சாரத்தை விடாது, நிக்கல் சில்வர் என்றால் தொல்லை குறைவு. உப்புத்தாள் போட்டால் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் அந்தக் கீறல்களில்தான் அடுத்த மாத அழுக்கு குடியேறும். ஆல்கஹால் நனைத்த துணியே போதும்.

ஜப்பான் கம்பெனிகளான கேட்டோவின் தண்டவாளமும் டோமிக்ஸின் தண்டவாளமும் இணைப்பில் சேராது. கலந்து கட்டிய மூட்டை என்றால் எது எத்தனை என்று எண்ணிவிட்டு விலை கேளுங்கள்.

வளைவில், பாயிண்ட்டில் தடம் புரள்கிறது

நீளப் பெட்டிகள் அர்னால்டின் 192 மி.மீ. ஆரம் போன்ற இறுக்கமான வளைவில் திணறும், அது பெட்டியின் குற்றமில்லை. ஒரே பெட்டி எல்லா பாயிண்ட்டிலும் இறங்கினால் இரு சக்கரங்களின் உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். என் ஸ்கேலில் ஏறக்குறைய ஏழரை மி.மீ. இருக்க வேண்டும். பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. உயரம் குறைந்த புதுத் தண்டவாளத்தில் அது ஆணிகளில் தட்டிக் கடகடவென்று ஓடும்.

கடைசியாக ஒன்று, இது கோளாறே இல்லை. வெறும் 6.5 மி.மீ. தண்டவாளம் மட்டும், இன்ஜின் இல்லாமல் குப்பைபோல் கிடந்தால் விட்டுவிடாதீர்கள். மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. அதை 160-ஆல் வகுத்தால் 6.25, கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது இஸட் தண்டவாளத்தில் என் ஸ்கேல் அளவுக்குக் கூடு கட்டினால், செட்டிநாடு ஸ்டேஷன் வழியாக ஓடிய நம் பழைய மீட்டர் கேஜ் வண்டி கிடைத்துவிடும். நான் ஓர் அடி நீளத்துக்குப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் செம்மண்ணைச் சலித்துத் தூவி வைத்திருக்கிறேன். ஒய்.டி.எம். 4 டீசல் இன்ஜினுக்கு அட்டையில் கூடு வெட்டியாகிவிட்டது. உள்ளே வைக்க ஒரு பழைய இஸட் சேஸிஸ் வேண்டும், வீங்காததாக. கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.